பிரித்துப் பின்னிய குதிகால்

எங்கள் மாமனாருக்கு மூன்று மகன்கள். மூத்த மருமகளைப் பெரியவள் என்போம். நடுவில் நான். கடைசி மருமகள் சின்னவள். நான் சொல்ல வந்தது பெரியவளைப் பற்றி.

பெரியவள் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தும் வேலை பார்த்தவள். கவுண்டருக்கு முன்னால் ஆள் இல்லையென்றால் மடியில் கம்பளி நூல் இருக்கும். எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையும் அவள் பின்னியது உடம்பில் இல்லாமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததில்லை. என் மூத்தவனுக்கு மஞ்சள் குல்லா, இளையவளுக்குப் பச்சை மேல்சட்டை, நாத்தனாரின் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே நிறத்தில் இரண்டு ஜோடி சாக்ஸ். நாத்தனாரின் கொழுந்தனார் பிள்ளைக்குக்கூடப் பின்னினாள். அந்தக் கொழுந்தனாருக்கும் எங்களுக்கும் அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது.

அவள் பின்னலில் கண்ணிகள் அரிசிமணி மாதிரி ஒரே சீராக இருக்கும். ஆனால் கை இறுக்கம். அவள் சாக்ஸைக் கழற்றினால் பிள்ளையின் கணுக்காலில் சிவப்பாக வளையம் விழுந்திருக்கும். குதிகாலைத் தனியாகப் பின்னி ஒட்டித் தைப்பாள், அந்தத் தையல் வேறு உறுத்தும். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அந்த வீட்டில் யார் சாப்பிடுவது?

சின்னவள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி வந்தபோது ஊசி பிடிக்கவே தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் பின்னல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் பூ மாதிரி மெத்தென்று இருக்கும். அவள் சாக்ஸில் குதிகாலுக்குத் தையலே கிடையாது. கிண்ணம் மாதிரி தானாகக் குழிந்து வரும். எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். பெரியவள் மட்டும் தொடமாட்டாள். "போன்ல படிச்ச வித்தைதானே, பேட்டரி இருக்குற வரைக்கும்தான்" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் பெரியவளின் மகள் உண்டானாள். முதல் பேரப்பிள்ளை. பெரியவள் குல்லா, மேல்சட்டை, சாக்ஸ் மூன்றுக்கும் வெள்ளை நூல் எடுத்து வைத்துவிட்டாள். ஒருநாள் மகள் வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"சாக்ஸ் மட்டும் சின்னச் சித்தியைப் பின்னச் சொல்லிட்டேம்மா. நீ மத்ததைப் பின்னு."

"ஏன், என் கைக்கு என்ன வந்துச்சு?"

"உன் கைக்கு ஒண்ணும் வரல. பிள்ளை காலுக்குத்தான் வரும்."

நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.  பெரியவளுக்குப் பதிலாகப் பாத்திரம் பேசியது. கழுவித் துடைத்துக் கவிழ்த்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

இனி வருவது பின்னாளில் அவள் வாயாலேயே எனக்குச் சொன்னது.

எட்டாம் மாதம் துணைக்கு மகள் வீட்டில் போய் இருந்தாள். சின்னவள் பின்னிய சாக்ஸ் ஏற்கெனவே அங்கே இழுப்பறைக்குள் இருந்தது. மகளும் மருமகனும் டாக்டரைப் பார்க்கப் போன ஒரு காலை வேளையில் அதை எடுத்தாள். விரலை உள்ளே விட்டுக் குதிகாலைத் தடவினாள். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிற தனக்குத் தெரியாத ஒன்று, நேற்று வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சாக்ஸை மேலிருந்து பின்னிக்கொண்டு வந்து விரல் நுனியில் முடிச்சுப் போடுவார்கள். குதிகாலின் சூட்சுமம் தெரிய வேண்டுமானால் விரலையும் பாதத்தையும் பிரித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சாக்ஸின் முடிச்சை வெட்டினாள். வரிசை வரிசையாகப் பிரித்தாள். வரிசையை முழுதாக ஓட்டாமல் பாதியிலேயே திரும்பித் திரும்பிப் பின்னியதால்தான் குதிகால் குழிந்திருந்தது.

இவ்வளவுதானா என்று முதலில் நிம்மதி வந்ததாம். இவ்வளவு சுலபமானது எனக்குத் தோன்றவில்லையே என்று உடனே அதைவிடப் பெரிய எரிச்சல் வந்ததாம்.

அதே நூலில், அதே கண்ணிக் கணக்கில் திரும்பப் பின்னி முடித்தாள். ஜோடியாக வைத்துப் பார்த்தால் இவள் பின்னியது குட்டையாகக் கிடந்தது. ஈரத்துணியில் சுற்றி இழுத்துப் பார்த்தாள். அசைந்து கொடுக்கவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டது. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகிற அன்று ஆஸ்பத்திரி அறையில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். சம்பந்தியம்மாதான் பிள்ளைக்குச் சாக்ஸ் மாட்டினாள். இடது காலுக்கு வழுக்கிக்கொண்டு ஏறியது. வலது காலில் குதிகாலிலேயே நின்றுவிட்டது.

"என்னம்மா இது, பிள்ளைக்கு ஒரு கால் மட்டும் முன்னாடியே வளந்துடுச்சா?"

சின்னவள் அதை வாங்கினாள். கட்டைவிரலால் கண்ணிகளை ஒருதரம் தடவினாள். பிறகு பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"டூட்டி முடிஞ்சு வந்து அவசரத்துல பின்னினது. நூலை இழுத்துட்டேன் போல இருக்கு" என்றாள்.

அத்தோடு முடிந்திருக்கும். பெரியவளும் மூச்சு விட்டுவிட்டாள். சம்பந்தியம்மா சும்மா இருந்தாளா? இரண்டு சாக்ஸையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அவசரத்துல பின்னினதுதாம்மா நல்லா இருக்கு. கண்ணியைப் பாரு, மிஷின்ல போட்ட மாதிரி. உன் கைக்குத் தங்கத்துல காப்பு போடலாம்."

பெரியவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செய்ததை மறைக்க அவளால் முடிந்தது. தன் கைச்சீரைச் சின்னவளுக்குத் தாரை வார்க்க முடியவில்லை.

"அது அவ பின்னினது இல்ல. நான் பின்னினது."

"நீயா? எப்படிம்மா?" என்றாள் மகள்.

"குதிகால் எப்படின்னு பாக்கப் பிரிச்சேன். திரும்பப் பின்னி வெச்சேன்."

"கேட்டிருந்தா சித்தி சொல்லியிருப்பாங்களே."

"சொல்லியிருப்பா. அதனாலதான் கேக்கல."

 சம்பந்தியம்மா பிள்ளையின் வெறுங்காலை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். சின்னவள்தான் பேசினாள்.

"தொட்டதுமே தெரிஞ்சுது அக்கா. இந்தச் சீர் எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. நான் பின்னினதாவே இருக்கட்டுமேன்னு ஒரு நிமிஷம் ஆசை வந்துச்சு."

ஒற்றைக் கால் சாக்ஸோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். காரில் முன் சீட்டில் மகள். பின் சீட்டில் பெரியவளுக்கும் சின்னவளுக்கும் நடுவில் நான், என் மடியில் பிள்ளை. பாதி வழி போனதும் பெரியவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் திருப்பத்துல எனக்குச் சின்னதா ஓட்டை விழுது. உனக்கு விழல. எப்படி?"

"சொல்றேன். நூலை எந்த விரல்ல சுத்துறீங்கன்னு காட்டுங்க."

"முதல்ல நீ சொல்லு."

"நீங்க காட்டுங்க, சொல்றேன்."

"கேட்டது நானு."

"மூத்தவங்க நீங்கதானே அக்கா, நீங்கதான் ஆரம்பிக்கணும்."

வீடு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கக் கதவைத் திறந்து இறங்கினார்கள். ஆனால் உள்ளே போனதும் பெரியவள், தன் ஊசிப் பை எங்கே இருக்கிறது என்று சின்னவளின் காதில் விழுகிற மாதிரி என்னிடம் கேட்டாள்.