தலை தாழும் கால்

குதிரை எந்தக் காலுல நொண்டுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். பீத்தல் இல்ல, அப்போ அது நிஜம்தான். புதூர்நாட்டுச் சுத்துப்பட்டுல யார் குதிரைக்குக் கால் பிசகினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்தத் திமிருலதான் என் மகளோட காலைக் கெடுத்தேன். மொதல்லயே சொல்லிட்றேன். என்னை நல்லவன்னு நெனச்சிக்கிட்டு யாரும் இதைப் படிக்க வேணாம்.

எழுபதுகள்ல எங்க மலையில ரோடு ஏது? எப்பவாச்சும் ஒரு ஜீப்பு வரும், அதுவும் மழை விட்டாத்தான். புளியும் சாமையும் கீழ எறங்கினது குதிரை முதுகுலதான். கீழ டவுன்ல ஜட்கா இழுத்து ஓஞ்சுபோன மட்டக்குதிரைங்களை வாங்கியாந்து பொதி சுமக்கப் பழக்குவேன். என்கிட்ட மூணு இருந்துச்சி.

எறக்கத்துல பொதிக்குதிரை நடக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பாரம் மொத்தமும் முன்னங்காலுக்கு வந்துடும். பின்னங்கால் ரெண்டும் வயித்துக்கு அடியில வந்து, பாதி உட்கார்ந்த மாதிரி பிரேக்கு போடும். வாலுக்கடியில ஒரு கயிறு சுத்திக் கட்டலன்னா மூட்டை சறுக்கிக் கழுத்துக்கே வந்துடும். நாலு காலும் தனித்தனியா விழும். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். பாறை மேல நாலு சத்தம். அதுல ஒண்ணு மெதுவா விழுந்தாப் போதும், முன்னாடி நடக்கிற எனக்கு முதுகுலயே தெரிஞ்சிடும்.

அப்புறம் தலையைப் பார்க்கணும். முன்னங்காலுல வலி இருந்தா, அந்தக் கால் தரையில படுறப்போ குதிரை தலையைத் தூக்கிக்கும். குதிரைத் தலையும் கழுத்தும் இன்னா கனம்னு தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். அதை மேல வாங்கிக்கிட்டா வலிக்கிற கால் மேல பாரம் கொறையும். நல்ல கால் படுறப்போ தலையைத் தாழ்த்தி எல்லாக் கனத்தையும் அது மேல போட்டுடும். விவரம் இல்லாதவன் தலை தாழ்ற காலைத்தான் நொண்டிக்காலுன்னு கைகாட்டுவான். எனக்குச் சிரிப்பு வரும். "அட போய்யா, அது நல்ல காலு. இந்தாண்ட காலைத் தூக்கிப் பாரு"ன்னுவேன். தூக்கிப் பார்த்தா முள்ளு இருக்கும்.

என்னையும் ஒருத்தன் ஏமாத்தினான். சந்தையில ஒரு சாம்பல் குதிரையை நடக்கவிட்டுக் காட்டினான். தலை ஒரே மட்டம், ஆட்டமே இல்ல. வாங்கியாந்தேன். வர்ற வழியிலயே நல்ல கால் லாடத்துக்கடியிலருந்து ஒரு கூழாங்கல்லு தெறிச்சி விழுந்துச்சி. மறுநாள் பார்த்தா குதிரை நொண்டி. படுபாவி, கெட்ட காலை மறைக்க நல்ல காலுலயும் வலியை வெச்சிருக்கான். ரெண்டு காலும் வலிச்சா குதிரை எந்தக் காலுக்குத் தலையைத் தூக்கும்? ஒரு காலுக்கும் தூக்காது. அன்னிக்கு என்னை நானே செருப்பால அடிச்சிக்கலாம் போல இருந்துச்சி. இனிமே இந்த வித்தையில எவன்கிட்டயும் ஏமாற மாட்டேன்னு சொல்லிக்கிட்டேன்.

வலின்னா எங்க பக்கம் சூடு வெப்பாங்க. மாட்டுக்கும் அதான், குதிரைக்கும் அதான், மனுஷனுக்கும் அதான். கம்பியைப் பழுக்கக் காச்சி, வலிக்கிற முட்டியைச் சுத்தி மூணு கோடு இழுக்கிறது. என் முதுகுலயே சின்ன வயசுல வெச்சது இருக்கு. குதிரைங்களுக்கு நான் வெப்பேன். என் மக பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருப்பா.

அவளுக்கு அப்போ ஆறு வயசு. ஒரே புள்ளை. சாமை அறுப்பு முடிஞ்ச நேரத்துல அவ நடை ஒரு மாதிரி ஆச்சி.

"இன்னாம்மா, கால் வலிக்குதா?"

"இல்லப்பா."

"எங்கயாச்சும் விழுந்தியா?"

"இல்லப்பா. ஒண்ணும் வலிக்கல."

வலிக்கலன்னுதான் சொல்லுவா. வலியைக் காட்டின குதிரைக்கெல்லாம் நான் இன்னா பண்ணேன்னு பார்த்தவ இல்லயா? அது என் மரமண்டைக்கு அப்போ எட்டல.

என் பொண்டாட்டிக்கு மனசு கேக்கல. "கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்யா. சாயங்காலமானா உடம்பு சுடுது. தூக்கத்துல வீல்னு கத்துறா"ன்னா.

"நடையைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு."

அப்படித்தான் சொன்னேன். மகளை வாசல்ல நிறுத்தி, "அந்த மரம் வரைக்கும் போ, திரும்பி வா"ன்னேன். குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். அவளும் போனா, வந்தா. வலது கால் ஊணுறப்போ தலையும் தோளும் வலது பக்கம் தாழுது. இடது கால் ஊணுறப்போ நிமிருது. எனக்குச் சந்தேகமே இல்ல. தலை தாழ்ற கால் நல்ல கால். அப்போ வலி இடது காலுல.

மறுநாள் காலையில கம்பியைக் காச்சினேன். பொண்டாட்டியைப் பிடிச்சிக்கச் சொன்னேன், அவ மாட்டேன்னு உள்ள போய்ட்டா. குட்டிக்குதிரையை அமுக்குற மாதிரி என் முட்டிக்கடியில மகளை நானே அமுக்கிக்கிட்டேன். இடது காலை நீட்டினேன்.

"அந்தக் காலு இல்லப்பா! அப்பா, அந்தக் காலு இல்ல!"

மூணு தடவை சொன்னா. கேட்டுச்சி. நல்லாவே கேட்டுச்சி. தப்பிக்கிறதுக்குப் பொய் சொல்றான்னு நெனச்சேன். மூணு கோடும் இழுத்து முடிச்சிட்டுத்தான் விட்டேன்.

அதுக்கப்புறம் தலை ஆடல. மெதுவா, குட்டிக் குட்டி அடியா நடந்தா, ஆனா தலை ஒரே மட்டம். "பார்த்தியா, என் கை தப்புமா?"ன்னு பொண்டாட்டிகிட்ட மார்தட்டினேன். ஊர்ல ரெண்டு பேரைக் கூப்பிட்டு நடக்கவிட்டுக் காட்டினேன். அட சண்டாளா, சாம்பல் குதிரை லாடத்துல இருந்த கூழாங்கல்லை என் கையாலயே என் புள்ளை காலுல வெச்சிட்டு, குணமாச்சின்னு கூத்தாடியிருக்கேன்!

அப்படியே ரெண்டு மாசம் போச்சி. ஒரு நாள் காலையில அவளால எழுந்திரிக்க முடியல. வலது தொடை மடங்கி உள்பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சி. நீட்டப் போனா அலறுறா. அப்பவும் நான் இடது முட்டியைத்தான் தடவிப் பார்த்தேன்னா பாருங்க.

"கையை எடுய்யா. உன் வைத்தியம் போதும்"னா பொண்டாட்டி.

குதிரை மேல வெச்சிக் கூட்டினு போலாம்னு தூக்கினேன். குதிரை மேல உட்கார ரெண்டு தொடையும் விரியணும் இல்லயா? விரியல. அவ போட்ட சத்தத்துல குதிரையே மிரண்டுச்சி. மூணு குதிரை வெச்சிருந்து இன்னா புண்ணியம்? புடவையை மூங்கில்ல கட்டித் தூளி ஆக்கி, முன்னாடி நான், பின்னாடி அவங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே காலை வெச்சா தூளி ஆடுது, ஆடுற ஒவ்வொரு தடவையும் புள்ளை முனகுறா. நான் இடது காலை வெச்சா அவ வலது காலை வெக்கணும். அடிவாரம் வரைக்கும் அப்படியே மாத்தி மாத்தி வெச்சி எறங்கினோம். அப்புறம் பஸ்ஸு பிடிச்சி ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா மகளைப் படுக்க வெச்சி, "எந்தக் கால் வலிக்குது கண்ணு?"ன்னு கேட்டாங்க. மக என்னைப் பார்த்தா. "எந்தக் காலும் வலிக்கல"ன்னா. டாக்டரம்மா இடது முட்டியில இருந்த மூணு கோட்டைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

கதவுக்கு வெளிய நின்னேன். கதவைச் சாத்தினதுமே மக குரல் கேட்டுச்சி. "இந்தக் காலு. இங்க, இடுப்புக்கிட்ட. ரொம்ப நாளா வலிக்குது."

படம் எடுத்தாங்க. இடுப்பு மூட்டை எலும்புக் காசநோய் அரிச்சிட்டு இருந்துச்சி, வலது பக்கம். ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. இனிமே அந்த மூட்டு மடங்காது, கால் குட்டையாத்தான் இருக்கும். நான் வெக்கங்கெட்டுப் போய்க் கேட்டேன், "வலது பக்கம்தானே சாஞ்சா, அப்போ வலது கால் எப்படிங்க கெட்ட கால் ஆகும்?"

டாக்டரம்மா கோபப்படல. எழுந்து ஒத்தைக் காலுல நின்னு காட்டினாங்க. "ஒரு கால்ல நிக்கறப்போ இடுப்பு சாயாம இருக்க, அந்தப் பக்கத்துச் சதை இறுக்கிப் பிடிக்குதுங்க. அந்த இறுக்கம் மூட்டை நசுக்கும். மூட்டு புண்ணா இருந்தா தாங்குமா? அதனால உடம்பையே அந்தக் கால் மேல சாய்ச்சிடுவாங்க. சாஞ்சா சதை இறுக்க வேண்டியதில்ல, வலி கொறையும். மனுஷனுக்கு ரெண்டே கால்தாங்க. கெட்ட காலுக்குத்தான் சாய முடியும்."

குதிரை வலியை விட்டு விலகும், மனுஷன் வலி மேலயே சாய்வான். எனக்கு மொத பாதிதான் தெரியும்.

மாவுக்கட்டு நெஞ்சுலருந்து வலது பாதம் வரைக்கும் போட்டாங்க. காய்ஞ்சதும் என்னை உள்ள விட்டாங்க. தலை, ரெண்டு கை, இடது கால், இவ்ளோதான் வெளிய. மக முழிச்சிக்கிட்டுதான் இருந்தா. நான் கால்மாட்டுல போய் உட்கார்ந்தேன். கையில ஒண்ணும் இல்லன்னு காட்ட ரெண்டு கையையும் விரிச்சிக்கூட வெச்சேன். உடம்புல அசையக்கூடிய அந்த ஒரு காலை, சூடு வெச்ச காலை, என்கிட்ட இருந்து மெதுவா மடக்கி இழுத்துக்கிட்டா.