வெளியேறிய நேரம் 10.22

சண்முகவள்ளிக்குக் கடலாடிப் பக்கம் ஒரு கிராமம். மழை இரண்டு வருஷம் ஏமாற்றியதும் மிளகாய்க் காட்டை விட்டுவிட்டு, புருஷன் வீரபத்திரனோடு உச்சிப்புளிக்கு வந்து இறால் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அவள் இறால் உரித்தாள். அவர் குளிர் அறையில் பெட்டி அடுக்கினார். அங்கே எந்தக் கதவும் தள்ளினால் திறக்காது. கழுத்தில் தொங்கும் கார்டைக் காட்ட வேண்டும். யார் எப்போது உள்ளே போனார், வெளியே வந்தார் என்பது அந்த நொடியே சென்னை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

"நம்ம ஊரு மாட்டுக் கொட்டாய்க்கு இம்புட்டுக் காவல் கிடையாது" என்று வீரபத்திரன் முதல் நாளே சிரித்தார்.

ஆடியில் ஒரு காலை, பெட்டி தூக்கியவர் அப்படியே சரிந்தார். அவள் ஓடிப்போய்த் தொட்டபோதே மூச்சு இல்லை. லாரி நிற்கும், கார்டு கேட்காத ஷட்டர் வழியாகத் தூக்கிப்போய் வேனில் ஏற்றினார்கள். ஏறப்போனவள், தரையில் கிடந்த அவர் கார்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வெளியிடத்தில் செத்தவரைப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார் என்பார்கள் அவள் ஊரில். புருஷன் பெயரை அவள் வாய் சொன்னதில்லை; மகள் பானுவின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவாள். குளிர் அறைப் பக்கத்து வாசல் கருவியில் அவர் கார்டை வைத்தாள். திரையில் அவர் பெயர் வந்தது, பச்சை விளக்கு எரிந்தது.

"பானு அய்யா, வாங்க. வீட்டுக்குப் போவம்."

ஓர் ஆள் தாண்டும் நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் இறந்த நேரத்தைப் பதினொன்று பத்து என்று எழுதினார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் கம்பெனிக்குப் போனாள். வேலையில் இருக்கும்போது இறந்தார் என்று எழுதித் தந்தால்தான் மாதாமாதம் உதவித்தொகை வரும். மகள் பானுப்பிரியாவின் நர்சிங் படிப்பு நிற்காது. கதவுப் பதிவுகளைக் கவனிக்கும் வசந்தகுமார் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பத்து இருபத்திரண்டுக்கு அவர் வெளியேறியதாகப் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்கிறார்கள். கேமரா படம் பதினைந்து நாளில் அழிந்துவிடும்; அதுவும் இப்போது இல்லை. பார்த்தவர்கள் வேலைக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

"நாந்தான் தம்பி தட்டுனேன்" என்றாள்.

அடுத்தவர் கார்டைத் தட்டினால் வேலை போகும் என்று அவளுக்கும் தெரியும். வசந்தகுமாரே அவள் சார்பில் ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டினான். கடைசி வரி, 'என் கணவர் அந்தக் கதவு வழியாக வெளியே வரவில்லை.'

"அந்த வரி வேணாம் தம்பி. அவரு வந்துட்டாரு."

"அது இல்லாட்டி ஒண்ணும் நடக்காதுக்கா."

பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தாள். பானுவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வேலையில் இருக்கும்போது இறந்தார் என்று கம்பெனி எழுதிய தாள் மூன்றாம் நாள் கிடைத்தது. அதை மடித்து மடியில் செருகிக்கொண்டு நேரே குளிர் அறைப் பக்கத்து வாசலுக்குப் போனாள். தன் கையெழுத்தால் உள்ளே தள்ளிவிட்டவரை மறுபடி கூட்டிப்போக வேண்டும். தன் கார்டை வைத்தாள். சிவப்பு விளக்கு. முந்தானையால் துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் சிவப்பு.

வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்தார். "ஒன் கார்டை நேத்தே நிப்பாட்டிட்டாக, தாயி. இங்கன நிக்கக் கூடாது."

அவள் கதவில் வாயை ஒட்டவைத்துக் கூப்பிட்டாள். தடித்த கதவு அது.