தப்பை ஒப்புக்கொள்ளாத கான்ட்ராக்டர்

போன மாதம் காலமான என் கணவர் குளியலறை புதுப்பிக்கும் கான்ட்ராக்டர். ஒரு பழைய வேன், இரண்டு வேலையாட்கள், அவர். அடுத்தவர் வீட்டுக்குள் நின்று சுவரை உடைக்கிற பிழைப்பு. அதனால் எது உடைந்தாலும், யார் உடைத்தாலும், "என் தப்புதாம்மா" என்று முந்திக்கொள்வார். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கண்ணாடிக்கும் அதேதான். திட்ட வந்தவர்கள் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வாயை அடைக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் வீட்டில் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் இன்சூரன்ஸை எடுக்கவைத்ததும் நான்தான். அதன் நிபந்தனைகளை முழுதாகப் படித்த ஒரே மனுஷியும் நானாகத்தான் இருப்பேன். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்முன் கான்ட்ராக்டர் தப்பை ஒப்புக்கொண்டால் கம்பெனி கைவிரித்துவிடலாம். கல்லூரிப் படிப்பையெல்லாம் திரட்டி இதை விளக்கினேன். 'வக்கீலம்மா' என்று எனக்குப் பெயர் வைத்தார்.

ஒரு மாடி வீட்டில் ஷவர் மாட்டத் துளை போடும்போது சுவருக்குள் ஓடிய குழாய் பிளந்தது.

"வாயத் திறக்காதீங்க, இதோ வர்றேன்" என்று போனில் சொல்லிவிட்டு ஓடினேன். கீழ்க்கூடத்தில் ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் ஊறிக் கிடந்தன. இன்சூரன்ஸ் இல்லையென்றால் வேனை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மூலையில் நின்றார்.

வீட்டுக்காரம்மா ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கங்கள் கையோடு வந்தன. "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் இதுதாங்க எனக்குத் துணை."

"ஐயோ, எங்க தப்புதாங்க! மன்னிச்சிடுங்க!"

சொன்னது நான். வக்கீலம்மா.

மறுநாள் வந்த சர்வேயர், "யாராவது தப்ப ஒத்துக்கிட்டீங்களா?" என்றார்.

"இந்தம்மாதான் அழுதுட்டே சொன்னாங்க. அவரு வாயே திறக்கல, ஊமைன்னு நெனச்சேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

சர்வேயர் என்னைப் பார்த்தார். "தொழில்ல நீங்க பங்குதாரரா?"

"இல்லைங்க. சம்சாரம்."

"அப்ப நீங்க சொன்னது கணக்குல வராது" என்று சுவரைப் படமெடுக்கப் போய்விட்டார்.

இழப்பீடு வந்தது. வேன் தப்பியது.

அதன்பின் எந்த வீட்டில் வேலை தொடங்கினாலும் இந்தக் கதையைச் சொல்வார். "பயப்படாதீங்க, என்னால சேதம் வந்தா கம்பெனி பொறுப்பு. இவ பேச்சுக்குத்தான் யாரும் பொறுப்பில்ல." ஒவ்வொரு தடவையும் கதையில் என் அழுகை கூடும். கடைசியாகச் சொன்னபோது நான் ஈரத்தரையில் உருண்டு புரண்டேன்.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு இப்போது நானே சொல்கிறேன். புரண்டதையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிட்டால் அவர் சொன்ன மாதிரி இருப்பதில்லை.