மழையைப் பற்றிப் பேசிய பிள்ளையும் யசோதா ரீச்சரும்

யசோதா ரீச்சர் காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ரீச்சரின் போனிலிருந்து அவருடைய மகன் எழுதியிருந்தான்: 'அம்மா இன்று காலை மாரடைப்பால் போய்விட்டா.' அதற்கு மேலே, முதல்நாள் ரீச்சரே பிள்ளைகளுக்குப் போட்ட தலைப்பு இருந்தது: 'உங்கட வீட்டில ஆர் கனக்கச் சிரிக்கிறது?' சில பிள்ளைகள் செய்தி தெரியாமல் அதற்குப் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கனடாவில், அஜின்கோர்ட் பகுதியில், ரீச்சரும் நானும் அடுத்தடுத்த அறைகளில் பதினொரு வருடங்கள் படிப்பித்தோம். கிழமை நாட்களில் அவர் பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருந்தார். எனக்கு ஒரு களஞ்சியத்தில் வேலை. சனிக்கிழமைகளில் அவர் ரீச்சர், நான் மாஸ்டர்.

பிள்ளைகளின் கொப்பிகளில் 'எனது பாடசாலை', 'பசு' என்று ஒரே கட்டுரைதான் திரும்பத் திரும்ப வரும். இடைவேளையில் அதே பிள்ளைகள் போனைப் பார்த்துப் பேசும் பேச்சுக்கு முடிவே இராது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ரீச்சர் சொன்னார்: "மாஸ்டர், இதுகளுக்குச் சொல்லக் கனக்கக் கிடக்கு. நாங்கள்தான் கொப்பிக்குள்ள தேடிக்கொண்டிருக்கிறம்."

பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, வகுப்புக்கென்று ஒரு சமூக ஊடகப் பக்கத்தைத் திறந்தார். கிழமைக்கு ஒரு தலைப்பு, தமிழில் ஒரு நிமிட வீடியோ. மற்றப் பிள்ளைகள் அதன் கீழே தமிழில் கேள்வி எழுதவேண்டும்.

"உது விளையாட்டு ரீச்சர், படிப்பில்லை" என்றேன்.

"விளையாடினாத்தானே வாய் திறப்பினம்" என்றார்.

ரூஜ் பகுதியில் இருக்கும் பிள்ளை அஜக்ஸ் நகரில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு புதன்கிழமை தமிழில் கேள்வி கேட்டிருந்ததை நானே பார்த்தேன். அதுவரை எங்கள் வகுப்புத் தமிழ் சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிடும். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் துர்க்காவின் வீடியோ வந்தது. பதின்மூன்று வயது, அதிகம் பேசாத பிள்ளை. மழையைப் பற்றிப் பேசியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் 'மளை' என்றே சொன்னாள். உறவினரும் பார்க்கட்டும் என்று பக்கம் எல்லாருக்கும் திறந்திருந்தது. வகுப்பின் பெயரில் யாரோ ஒருவர் கீழே எழுதினார்: 'மளை அல்ல, மழை. தமிழ்ப் பிள்ளையின் வாயில் தமிழ் எழுத்து வரவேண்டாமா?' அதைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் சிரித்தார்கள். 'கனடாத் தமிழ்' என்றார்கள். எவரோ அவளுடைய குரலை வெட்டி, பாட்டோடு சேர்த்துப் பரப்பிவிட்டார். துர்க்கா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்தார். "வகுப்பின்ர பேரில அப்பிடி எழுதினது ஆர் ரீச்சர்?"

"பக்கத்தைத் திறந்தது நான். அதை எல்லாருக்கும் திறந்து விட்டதும் நான்தான். பிழை என்ர" என்றார் ரீச்சர். அதன்பிறகு நடந்த ஏச்சு முழுவதையும் நின்றபடியே கேட்டார்.

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களுக்கு இன்று சொல்கிறேன்: அதை எழுதியவன் நான். பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தக் கிழமை ரீச்சர் என்னிடம் தந்திருந்தார்.

கூட்டம் முடிந்து கார்த் தரிப்பிடத்துக்கு வந்தபோது, "ஏன் என்ர பேரைச் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னா அவள் திரும்பி வந்திடுவாளோ? அது கிடக்கட்டும். அவள் அந்த வீடியோவில என்ன சொன்னவள், மாஸ்டர்?"

"மழையைப் பற்றி..."

"மழையைப் பற்றி என்ன சொன்னவள்?"

அந்த வீடியோவை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். மூன்று தடவையும் அந்த எழுத்தை மட்டுமே கேட்டிருந்தேன். ரீச்சர் தன் போனை எடுத்துக் காட்டினார். துர்க்கா சொன்னது இதுதான்: "அப்பா கூரை வேலை செய்யிறவர். மளை வந்தா வேலை இல்லை எண்டு அம்மா கவலைப்படுவா. எனக்கு மளை விருப்பம். அண்டைக்கு அப்பா வீட்டில நிப்பார்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அஜக்ஸிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனோம். தாய் தந்தைக்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்: "இட்ஸ் ஓகே சேர். ஆனா கிளாஸில எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே? வொய் எல்லாரும் பாக்கிற இடத்தில?" நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது பிழைதான் பிள்ளை" என்று நானே சொல்லவேண்டியிருந்தது.

பக்கத்தை வகுப்புக்கு மட்டும் என்று மாற்றினார் ரீச்சர். அதில் எதை வைத்திருக்கலாம், எதை அழிக்கலாம் என்ற முடிவைப் பிள்ளைகளிடமே கொடுத்தார். மூன்றாம் கிழமை துர்க்கா வந்தாள். குளிர்காலம் முழுவதும் மற்றவர்களுக்குக் கேள்வி எழுதினாளே தவிர முகம் காட்டவில்லை. ஏப்ரலில் ஒரு வீடியோ போட்டாள். 'ழ' சரியாக வந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. தகப்பன் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ரீச்சர் ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு தரம் பார்ப்பார். "முதல் தரம் பிள்ளைக்கு, இரண்டாந் தரம் தமிழுக்கு" என்பார். அவருடைய வகுப்பையும் இப்போது நான்தான் எடுக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒழுங்குதான். முதல் தரம் பார்க்கும்போது திருத்தச் சொல்லி நாக்கு இன்னும் துடிக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு, அந்த ஒரு நிமிடமும் கேட்டு முடிக்கிறேன்.