தொகுஜி வீட்டுக் குளியல் தொட்டி

ஜப்பானில், பனி கொட்டும் ஊரான யோகோதேயில் பனி வாரிக்கொண்டிருக்கும் யாரைக் கேட்டாலும் தொகுஜியின் வீட்டைக் காட்டிவிடுவார்கள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. ரேடியோவைப் பழுது பார்க்கிறேன் என்று கழற்றி, திரும்பப் பூட்டியபின் மீந்துபோன திருகுகளை டப்பாவில் போட்டு வைக்கிற ரகம்.

மனுஷனுக்குக் குளியல் என்றால் உயிர். வெந்நீர் ஊற்றுகளில் விற்கிற கந்தகப் பொடியைக் கொட்டி, தண்ணீர் பாலாக வெளுத்தால்தான் குளித்த மாதிரி இருக்கும்.

"இரும்புத் தொட்டிக்கு அது ஆகாதுங்க. பாக்கெட்டுலயே போட்டிருக்கு" என்று மனைவி யசுயே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"பாக்கெட்டுல எழுதினவன் குளிச்சுப் பாத்தானா?" என்பார்.

முழங்கால் அறுவைக்கு யசுயே ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் கேட்பாரில்லை. பொடி இரட்டிப்பானது. ஒருநாள் காலை, துணி துவைக்க முந்தின இரவு குளித்த தண்ணீரை மொள்ளப் போனால் தொட்டி காலி! எப்போதோ எனாமல் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு தின்று, அடியில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

அன்றைக்கென்று பார்த்து யசுயே போன் செய்தாள். வார இறுதியில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம்.

"எனக்குச் சாப்பாடு கூட வேணாங்க. நம்ம தொட்டில கழுத்து வரைக்கும் உக்காரணும். டாக்டரும் சரின்னுட்டார். ஈரத் துண்டால துடைச்சுத் துடைச்சே உயிர் போச்சு."

ஓட்டையைத் தொகுஜி மறைத்துவிட்டார். "வா வா, எல்லாம் தயாரா இருக்கும்" என்று வைத்துவிட்டார். அவருக்கு வாய்தானே சத்துரு!

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் கொண்டா என்பவன் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"பொடி போட்டியாடா?"

"கொஞ்சம்."

"உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? மேலெல்லாம் கந்தக நாத்தம். பேசாம தொட்டியை மாத்திடு."

"அவ வந்து நிக்கப்போறா. அதுக்குள்ள எவன்டா மாத்துவான்?"

"அப்ப துருவை ஒழுங்கா சுரண்டு. பளபளன்னு இரும்பு தெரியணும். அவசரப்பட்டேன்னா, அவ உக்காரும்போது உன் மானம் அடி வழியா போயிடும்."

தொகுஜி தொட்டிக்குள் குப்புறக் கிடந்து உப்புத்தாளால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஓட்டை பெரிதானது. விட்டுவிடலாமா என்று கை கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு துரு முழுவதையும் எடுத்தார். தின்னரால் துடைத்து, கண்ணாடி நார்த் துணியை வைத்து, பிசைந்த எபாக்ஸிப் பசையை அப்பி, காய்ந்தபின் தேய்த்து வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். ஒட்டு சப்பாணி மாதிரி ஒருபக்கம் கோணித்தான் நின்றது. தண்ணீர் விட்டுப் பார்த்தார், கசியவில்லை. ஆனால் வெந்நீருக்கும் ஆள் கனத்துக்கும் தாங்குமா என்பது சாமிக்குத்தான் வெளிச்சம். பொடிப் பாக்கெட்டை அவரே குப்பையில் போட்டார்.

யசுயே கைத்தடியோடு வந்து சேர்ந்தாள். அந்த வீட்டில் முதல் தண்ணீர் எப்போதும் ஆண்களுக்கு. ஒரே தொட்டித் தண்ணீரில் முன்பு மாமனார், கணவர், பையன்கள் எல்லாரும் முங்கி எழுந்தபின், கடைசித் தண்ணீர் அவளுக்கு.

"நீ முதல்ல போ" என்றார்.

"என்னங்க இது? விருந்தாளி யாராவது வந்திருக்காங்களா?"

"நீதான் விருந்தாளி. போ."

கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கதவுக்கு வெளியே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். உள்ளே சத்தமே இல்லை. தண்ணீர் இறங்கி, பாவம், வெறும் தொட்டியில் நடுங்கிக்கொண்டிருக்கிறாளோ?

"யசுயே! தண்ணி இருக்கா?"

"இருக்கு." குரல் கம்மியிருந்தது. "கழுத்து வரைக்கும் இருக்கு."

"அப்புறம் ஏன் அழறே? கால் வலிக்குதா?"

"இல்லங்க. கல்யாணமாகி வந்ததுலேருந்து இந்தத் தொட்டில உக்காந்திருக்கேன். இன்னைக்குத்தான் தண்ணிக்குள்ள என் கால் எனக்குத் தெரியுது."

தொகுஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க ஒட்டும் தெரியுது" என்றாள். "கோணலா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். நீ மெதுவா வா."

அவள் மெதுவாகத்தான் வந்தாள். ஆறிப்போன தண்ணீரில் தொகுஜி இறங்கியபோது உடம்பு வெடவெடத்தது. "சூடு எப்படிங்க?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"பிரமாதம்" என்றார் அவர், பல் தந்தியடிக்க.