முறுக்கிய ரப்பர்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் நான் மெக்கானிக்காக இருந்தேன். ஒரு மிளகு வியாபாரியின் பழைய இங்கிலீஷ் கார் எங்களிடம்தான் வரும். அதை ஓட்டியவர் பள்ளுருத்திக்காரர், எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். பதினோரு வருஷமாக அந்த ஒரே வண்டி. அதன் சத்தம் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரியும்.

"தம்பி, முன்னாடி இடது பக்கம் பள்ளத்துல இறங்கினா டக்குனு அடிக்குது," என்றார் ஒருநாள்.

ஜாக்கி வைத்துப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் தேய்ந்து பொடியாகியிருந்தது. புது புஷ் பம்பாயிலிருந்து வர ஒரு மாதம் ஆனது. கார் முதலாளியான மிளகு வியாபாரி உபரியாகவும் ஒரு ஜோடி வரவழைத்திருந்தார்.

பழையதை அடித்துக் கழற்றவே அரை நாள் போயிற்று. புதியதைப் பொருத்தி முடிக்கும்போது வேலியேற்றம், கடல் பொங்கும் நேரம். காயல் தண்ணீர் சாக்கடை வழியே ஏறி, ஷெட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது. அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் நட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் பிழிந்த துணி மாதிரி திருகிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் கிழியும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் இறக்கிவிட்டால் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் மல்லாந்து படுத்துத்தான் ஸ்பானரை நுழைக்க முடியும். படுக்க மனம் வரவில்லை. தொங்கும்போதே முறுக்கிவிட்டேன்.

"எல்லாம் முறுக்கியாச்சா?" என்று அவர் கேட்டார்.

"ஆச்சு அண்ணே."

மூன்றே வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. கூடவே முதலாளியும் வந்தார். ரப்பர் கிழிந்து வெளியே தொங்கியது.

"புது ரப்பரல்லே? அதுக்குள்ள எப்படிப் போச்சு?"

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன்: "பள்ளத்துல வேகமா இறக்கினா போகும், முதலாளி."

"நான் அப்படி ஓட்டல," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அன்று சாயந்திரமே அவருக்கு வேலை போயிற்று.

உபரி ஜோடியைப் பொருத்தினேன். இந்த முறை வண்டியை இறக்கி, தரையில் படுத்து, ஒழுங்காக முறுக்கினேன். அது அசையவே இல்லை. "புது டிரைவர் பதமா ஓட்டறான்," என்று முதலாளி என்னிடமே சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தக் கார் ஷெட்டைக் கடக்கும்போதெல்லாம் ஏதாவது வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்திக்குப் போனேன். அவர் ஏலூர் உரக் கம்பெனியிலிருந்து மூட்டை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்; வாரத்தில் ஒருநாள்தான் வீடு. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கேட்டார்: "அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன் அண்ணே."

"எனக்குப் போச்சே, தம்பி."

அவர் மனைவி கொண்டுவந்த சாயா என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"முதலாளிகிட்ட சொல்லு," என்றார் கடைசியாக. "அந்த வேலை எனக்கு வேண்டாம். நான் வண்டியைக் கெடுத்தவன் இல்லேன்னு அவருக்குத் தெரியணும்."

மறுநாள் காலையில் மிளகுக் கிடங்கில் போய்ச் சொன்னேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி திட்டவில்லை. "அவனை வரச் சொல்லு," என்றார். ஆள் அனுப்பியும் பார்த்தார். அண்ணன் போகவில்லை. அந்தக் கார் அதன் பிறகு எங்கள் ஷெட்டுக்கு வரவும் இல்லை.

தோப்பும்படி பாலத்தில் அவருடைய லாரி சில சமயம் எதிரே வரும். நான் கை தூக்குவேன். ஒரு தடவை அவரும் லேசாகத் தூக்கினார். மற்ற நேரங்களில் ரோட்டைப் பார்த்தபடியே போய்விடுவார். என்னைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் சொல்லிக்கொள்வேன்.