ஏழாம் படியில் அடிக்கோடிட்ட சொல்

அந்த உதவிப் பக்கங்களில் முப்பத்தொரு இடத்தில் நான் ‘இங்கே’ என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எண்ணவில்லை. எண்ணிப் பார்த்தது விளாத்திகுளம் பஸ்ஸில்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை. ஆறு மணிக்கு வேலை விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று வெளிவந்த ஓர் இயங்குதளத்தைத் தமிழுக்குக் கொண்டுவர ஒரு குழு இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஏழெட்டுப் பேர். அதை எப்படிக் கம்ப்யூட்டரில் நிறுவுவது என்று சொல்லும் பக்கங்கள் என் பங்கு. எந்தக் கிழமை எந்தப் பத்தியை முடித்தேன் என்பதுகூட என் நாட்குறிப்பில் இருக்கிறது.

வைகாசியில் குழுவிலிருந்த ஒருவர் எல்லோருக்கும் எழுதினார். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்புகளில் ‘இங்கே’ என்று மட்டும் எழுதக்கூடாது, போகிற பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை எழுத வேண்டும் என்றார். நான் நீளமான பதில் போட்டேன். நீல நிறத்தில் கோடு போட்டிருந்தால் அதைத் தட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியும். முதலில் எல்லாப் பக்கமும் தமிழில் வரட்டும், மெருகு பிறகு பார்க்கலாம் என்று எழுதினேன். மறுப்பு வரவில்லை. அன்றைய நாட்குறிப்பில் ‘விவாதம் முடிந்தது’ என்று குறித்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாலை அச்சகத்துக்குப் போன் வந்தது. விளாத்திகுளத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். பக்கங்களின் அடியில் என் பெயரைப் பார்த்து விசாரித்துப் பிடித்திருக்கிறார்.

“அண்ணாச்சி, ஒங்க பக்கத்தப் பாத்துத்தான் புது சிஸ்டம் போட்டேன். நல்லா ஓடுது. ஆனா நான் சேத்து வச்ச பாட்டு பூராவும் போச்சு. அந்தச் சத்தம் ஒழிஞ்சுதுன்னு எங்க வீட்டுல ஒரே சந்தோஷம்.”

“நகல் எடுத்து வைக்கலியா?”

“எடுக்கச் சொன்னாத்தான எடுக்கதுக்கு? ஏழாவதுல, ‘தொடரும் முன் இங்கே பார்க்கவும்’னு போட்டிருக்கு. தாள முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சும் பாத்தேன், அண்ணாச்சி. ஒண்ணும் தெரியல.”

“தாளா? எந்தத் தாள்?”

“பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன். இருக்கது ஒரு கம்ப்யூட்டர். அதுலயே புதுசு போடும்போது அதுல எப்படிப் படிக்க?”

எனக்கு உறைத்தது அப்போதுதான். நிறுவுகிறவர் கையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அந்த நேரத்தில் அழிந்துகொண்டிருக்கும். தாளில் பார்த்துத்தான் செய்ய முடியும். தாளில் எதைத் தட்டுவது?

இதற்குள் அவர் அந்தத் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து நான்கு பேருக்குக் கொடுத்திருந்தார். மூன்று பேர் கம்ப்யூட்டரில் இன்னும் எதுவும் சேர்த்து வைக்காத புதியவர்கள். நான்காவது, புதூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் டீச்சர்.

“தீப்பெட்டி ஒட்டுன பிள்ளைகள மீட்டு வச்சுப் படிக்க வைக்காங்கல்லா, அந்த மையத்து டீச்சர். சிடியும் வாங்கிட்டுப் போனாவ. நாளைக்குப் போடப்போறேன்னாவ.”

“அவங்க கம்ப்யூட்டர்ல என்ன வச்சிருக்காங்க?”

“பிள்ளைக வருகைப் பதிவு. பழைய பதிவேட்டக் கரையான் அரிச்சுட்டுன்னு எல்லாத்தையும் அதுலதான் ஏத்தி வச்சிருக்காவ. வெள்ளிக்கிழம அந்தக் கணக்கக் குடுத்தாத்தான் பன்னெண்டு பிள்ளைகளப் பெரிய பள்ளிக்கூடத்துல சேப்பாங்களாம்.”

மையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு போன் உண்டு என்று எண் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. காலையிலும் எடுக்கவில்லை.

ஞாயிறு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். கையில் அதே பக்கங்களின் அச்சுப்படி. முழங்காலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ‘இங்கே’யையும் அடித்துவிட்டு, அது எங்கே போகிறதோ அதை மேலே எழுதிக்கொண்டே வந்தேன். ‘விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றும் முறை.’ ‘சிடி ஓடாவிட்டால் செய்ய வேண்டியவை.’ பஸ் குலுங்கியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. எழுத எழுத எனக்கே தெரிந்தது: ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று சொல்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. ஏழாம் படியில் ‘வன்தட்டு முழுவதும் அழியும், கோப்புகளை முதலில் நகலெடுக்கும் முறை’ என்று எழுதிவிட்டு அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

புதூரில் இறங்கியபோது முந்தைய நாள் மழையால் மினிபஸ் ஓடவில்லை. நடந்தேன். கரிசல் ஈரமானால் காலை விடாது. செருப்பில் அப்பி அப்பிக் கால் பனங்கட்டை போலக் கனத்தது. பாதி வழியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். பதினொன்றரைக்கு மையத்தின் வாசலை மிதித்தேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள். இரட்டைச் சடை போட்ட ஒருத்தி விசைப்பலகையில் ஒற்றை விரலால் தன் பெயரைத் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தாள். திரை முழுவதும் தமிழ். எல்லாம் எங்கள் குழுவின் சொற்கள்.

நான் யார் என்று சொன்னதும் டீச்சர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். “நீங்கதானா சார் அது? மத்தியானம் கரண்ட் போயிரும்னு காலையிலயே போட்டுட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி.”

“பழைய கோப்பெல்லாம் எங்க டீச்சர்?”

“உள்ளதான் சார் இருக்கும். இன்னும் தேடல.”

நான் தேடினேன். இருக்காது என்று தெரிந்தும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தேன். பிறகு சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நாட்குறிப்பில் இல்லை.

டீச்சர் பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார். ஜெராக்ஸ் தாளை எடுத்து ஏழாம் படியில் விரலை வைத்தார்.

“இதுக்குப் பின்னால என்ன சார் இருந்துச்சு?”

பஸ்ஸில் எழுதியதைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“நானும் பாத்தேன். கோடு போட்டிருக்கே, என்னமோ விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அவ்வளவு முக்கியமா இருந்தா அங்கனயே எழுதியிருப்பாவன்னுதான் மேல போனேன்.”

இணைப்பில் எந்தச் சொல் வர வேண்டும் என்று காலை முழுவதும் முழங்காலில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி இணைப்புக்குப் பின்னால் போயிருக்கவே கூடாது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டரின் வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, பழையதன் மேலேயே புதியதை எழுதியாகிவிட்டது, ஒன்றும் மிஞ்சாது என்றார். அன்று மாலை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எச்சரிக்கையை ஏழாம் படியிலேயே முழுதாக எழுதினேன். மற்ற முப்பதையும் மாற்றினேன். உடனே வெளியிடும்படி குழுவுக்கு எழுதினேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது.

டீச்சருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. பாடம் எழுதும் பக்கத்தின் தலையில் தேதி இல்லாவிட்டால் அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். எந்தப் பிள்ளையின் நோட்டில் எந்தத் தேதி இருக்கிறதோ அன்று அந்தப் பிள்ளை வந்திருக்கிறது. டீச்சரும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய் நோட்டுகளை வாங்கி வந்தார்கள். நான் அச்சகத்தில் லீவு சொன்னேன். செவ்வாய் முதல் வியாழன் வரை ஒவ்வொரு நோட்டிலிருந்தும் தேதிகளை வாசிக்க வாசிக்க நான் கட்டம் போட்டு நிரப்பினேன். வாசித்தது அந்த இரட்டைச் சடைக்காரி. அவளும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, ஆனால் அவளுடைய நோட்டுகள் அந்தக் குவியலில் இல்லை. கோடை விடுமுறையில் அவள் அம்மா எல்லாவற்றையும் பழைய தாளுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரிடம் போட்டுவிட்டார். மிஞ்சியது நடப்பு நோட்டு ஒன்று.

வியாழன் மாலை அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரத்தில் டீச்சரிடம் கேட்டேன். “இவ தினமும் வந்தான்னு எல்லாப் பிள்ளைகளும் சொல்லுது. இவளுக்கும் நாள் போட்டுறலாமே.”

“எந்த நாளப் போடுவீங்க? நோட்டக் காட்டுன்னா எதக் காட்ட? ஒண்ணு பொய்யின்னு பிடிச்சா பன்னெண்டும் போயிரும் சார்.”

வெள்ளிக்கிழமை பதினொரு பெயருள்ள பட்டியல் போனது. ஏற்றுக்கொண்டார்கள். இரட்டைச் சடைக்காரிக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தோம். அவள் சரி என்றாள்.

கார்த்திகையில் டீச்சரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பதினொரு பேரும் பள்ளிக்குப் போகிறார்கள். அவள் மட்டும் மையத்துக்கு வருவதில்லை. அம்மாவோடு பெட்டி ஒட்டப் போகிறாள். இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லையாம். கார்டின் கீழே, நான் ஒரு தடவை வந்து பேசிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். போனேன். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையெல்லாம் பசையாக இருக்கிறது, பிறகு வருகிறேன் என்றாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.